பழைய கல்பாலத்தின் இரண்டு தோளிலும் எதற்கு வட்டமாக ஓட்டை விட்டிருக்கிறார்கள்?

தெற்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நான் சிவில் படித்தவன் இல்லை, கணினி வேலை, அதனால் கேள்வி சிறுபிள்ளைத்தனமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என்னைவிட அப்பாவுக்குத்தான் பதில் வேண்டும். அவர் வாழ்நாள் முழுக்கக் கொத்தனார் வேலை பார்த்தவர், பிறகு சின்ன அளவில் கான்ட்ராக்ட் எடுத்தவர். ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் விடவே மாட்டார்.

அப்பாவும் அம்மாவும் இப்போது எங்களோடு வேல்ஸில் இருக்கிறார்கள். லின் பிரையன் அணையைப் பார்க்கலாம் என்று காரில் கிளம்பினோம். லாண்டவரி என்ற சின்ன ஊரைத் தாண்டி வடக்கே கொஞ்ச தூரத்தில், டவி ஆற்றின் மேல் டோலைஹிரியன் பாலம் என்று ஒரு பழைய கல்பாலம் இருக்கிறது. சுற்றிலும் புல்வெளி, ஆடுகள், வேறு எதுவும் கிடையாது. 1773இல் கட்டியது. நடுவில் தூணே இல்லாமல் ஒரே வளைவு, 84 அடி. அப்பா வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

விஷயம் என்னவென்றால், வளைவு கரையில் உட்கார்கிற இரண்டு பக்கமும், அதாவது வளைவுக்கு மேலே சாலைக்குக் கீழே முக்கோணம் மாதிரி கல்லால் அடைத்திருக்கும் இடத்தில், பக்கத்துக்கு ஒன்றாக ஒரு பெரிய வட்ட ஓட்டை இருக்கிறது. ஜன்னல் மாதிரி மேலோட்டமாகக் குடைந்தது இல்லை. பாலத்தின் இந்த முகத்திலிருந்து அந்த முகம் வரை நேராகப் போகிறது, கரையில் நின்றால் ஓட்டை வழியாக அந்தப் பக்கத்து மரம் தெரிகிறது. ஓட்டையின் விளிம்பு முழுக்கச் சின்னச் சின்னக் கற்களை நெருக்கமாக நிறுத்திக் கட்டியிருக்கிறார்கள். உடைந்து விழுந்த ஓட்டை இல்லை, வேண்டுமென்றே கட்டிய ஓட்டை.

அப்பா சொல்வது: "பாரம் வாங்குற இடத்துல எவனாவது ஓட்டை போடுவானா? வெறும் அழகுக்குன்னா இந்த ஆட்டு மந்தைக்கு நடுவுல யார் பார்க்கப் போறா?" வீட்டுக்கு வந்த பிறகும் அதே பேச்சு. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


ஆற்றுமணல் எழுதியது:

இது வெள்ளத்துக்காக, சந்தேகமே வேண்டாம். வேல்ஸ் மலையில் மழை பெய்தால் ஆறு ஒரே ராத்திரியில் ஏறும். தண்ணீர் வளைவின் தோள் வரை வந்துவிட்டால் அந்த முக்கோணச் சுவர் முழுக்க அணைக்கட்டு மாதிரி தண்ணீரைத் தடுக்கும், பாலத்தின் மேல் பக்கவாட்டு அழுத்தம் வரும். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதன் வழியாகவும் போய்விடும். உலகம் முழுக்கப் பழைய பாலங்களில் இப்படி வெள்ள ஓட்டை உண்டு. அப்பாவிடம் சொல்லுங்கள், பாரம் வாங்குவது கீழே இருக்கும் வளைவுதான், ஓட்டை இருப்பது அதற்கு மேலே உள்ள அடைப்பில்.


சாரம்கட்டி எழுதியது:

மேலே நண்பர் சொன்ன கடைசி வரி சரி, முதல் வரி சரியில்லை. அந்தப் பாலத்தைக் கட்டிய மனிதர் வில்லியம் எட்வர்ட்ஸ். அவர் எதற்காக ஓட்டை விட்டார் என்பதற்கு அவருடைய முந்தைய பாலமே சாட்சி. அந்தக் கதையைச் சொல்ல இங்கே ஆள் இருக்கிறார்கள், கார்டிஃப் அண்ணன் கண்டிப்பாக வருவார். நான் ஓட்டையின் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

வளைவுப் பாலம் விழுகிறது என்றால் எல்லோர் மனதிலும் வருவது நடு உச்சி கீழே இறங்குவதுதான். மேலே பாரம் அதிகமானால் அப்படித்தான் ஆகும் என்று தோன்றும். ஆனால் இன்னொரு விதமாகவும் விழும்: இரண்டு தோளிலும் பாரம் கூடிப்போய், உச்சியில் பாரம் குறைவாக இருந்தால், உச்சி மேல்நோக்கிப் பிதுங்கிக்கொண்டு கிளம்பும். கல் மேலே போகும், பிறகு மொத்தமும் கீழே வரும்.

அப்பாவுக்குப் புரிய வைக்க வீட்டிலேயே வழி இருக்கிறது. துணி காயப்போடும் கொடியைக் கொஞ்சம் தொய்வாகக் கட்டுங்கள். ஈரத்துணியை வரிசையாக ஒரே சீராகப் போட்டால் கொடி அழகாக நடுவில் தாழ்ந்து தொங்கும். இப்போது நடுவில் இருக்கும் துணியை எடுத்துவிட்டு, இரண்டு ஓரத்திலும் ஈரப் போர்வையைப் போடுங்கள். ஓரங்கள் தாழும், நடுப்பகுதி மேலே ஏறி ஏறக்குறைய மட்டமாகிவிடும். கயிறு நெகிழ்வது என்பதால் பாரத்துக்குத் தகுந்த மாதிரி தன் வடிவத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது. அதைத் தலைகீழாகத் திருப்பினால் அதுதான் அந்தப் பாரத்துக்கு ஏற்ற வளைவு. இதை ராபர்ட் ஹூக் என்ற இங்கிலாந்து விஞ்ஞானி 1675லேயே சொல்லிவிட்டார்: தொங்கும் சங்கிலியைக் கவிழ்த்தால் நிற்கும் வளைவு. கயிற்றில் எல்லாம் இழுவிசை, கல்லில் எல்லாம் அழுத்தம், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், கல் வளைவு கயிறு மாதிரி வடிவம் மாறாது. கட்டியது வட்டத்தின் ஒரு துண்டு என்றால் அது வட்டத்துண்டாகவேதான் நிற்கும். பாரம் கேட்கிற வடிவம் அந்தக் கல்லின் தடிமனுக்குள் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும் வரை பிரச்சினை இல்லை. தோள் பாரம் கூடும்போது அந்த வடிவம், அதாவது கல்லுக்குள் அழுத்தம் ஓடும் கோடு, தோளில் மேல் விளிம்பை நோக்கியும் உச்சியில் அடி விளிம்பை நோக்கியும் நகரும். விளிம்பைத் தொட்டுவிட்டால் அந்த இடத்தில் இணைப்பு ஒரு பக்கம் வாயைத் திறக்கும், கீல் போட்ட கதவு மாதிரி வேலை செய்ய ஆரம்பிக்கும். போதுமான இடங்களில் கீல் விழுந்தால் பாலம் காலி. கேம்பிரிட்ஜில் ஜாக் ஹெய்மன் 1960களில் இதை முறையான கணக்காக எழுதி வைத்தார். கல் நசுங்கி விழும் பாலம் ரொம்ப அபூர்வம். பெரும்பாலும் வடிவம் பொருந்தாமல்தான் விழும்.

ஆக ஓட்டை போட்டது பலத்தைக் குறைக்க இல்லை, தோளில் இருக்கும் வீண் பாரத்தைக் குறைக்க. ஓட்டை ஏன் வட்டம் என்றால், வட்டமாகக் கட்டிய கல்வளையம் எந்தப் பக்கம் அழுத்தினாலும் தன்னைத் தானே தாங்கும். கிணற்று உறையை அப்பா எத்தனை கட்டியிருப்பார், அவருக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.


கார்டிஃப் கருப்பு எழுதியது:

கூப்பிட்டாச்சு, வந்தாச்சு.

வில்லியம் எட்வர்ட்ஸ் 1719இல் பிறந்தவர், விவசாயி வீட்டுப் பிள்ளை. நிலத்துக்கு வேலியாகக் கல்லைச் சும்மா அடுக்குவார்களே, சாந்து இல்லாமல், அந்த வேலையில் ஆரம்பித்தார். பக்கத்தில் கேர்ஃபில்லி கோட்டை பாழடைந்து கிடந்தது, அதன் சுவர்களைப் பார்த்துப் பார்த்துத்தான் பழைய கொத்தனார்களின் கைப்பக்குவத்தைக் கற்றுக்கொண்டார் என்று சொல்வார்கள். கார்டிஃபில் ஒரு பட்டறை கட்டப் போனபோது கண் தெரியாத ரொட்டிக்கடைக்காரர் ஒருவர் வீட்டில் தங்கி, அவரிடம் இங்கிலீஷ் படித்தார். இத்தனைக்கும் ஆள் ஒரு போதகர், க்ரோய்ஸ்வென் சபையில் பிரசங்கம் செய்தவர். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், மற்ற நாளில் சுத்தியல்.

1746இல் டாஃப் ஆற்றின் மேல் பாலம் கட்ட ஒப்பந்தம் எடுக்கிறார். இப்போது பொன்ட்டிப்ரித் என்று பெரிய ஊராக இருக்கும் இடம், அன்றைக்கு வெறும் கிராமப்புறம். ஒப்பந்தத் தொகை 500 பவுண்டு. ஒரு நிபந்தனையும் உண்டு: கட்டி முடித்து ஏழு வருஷம் பாலம் நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அவர் செலவிலேயே திரும்பக் கட்ட வேண்டும். வயது 27. நம்ம ஊர் கான்ட்ராக்டர் யாராவது இன்றைக்கு இப்படிக் கையெழுத்துப் போடுவார்களா என்று கேட்கத் தோன்றுகிறது, சரி விடுங்கள்.

முதலில் ஆற்றுக்குள் தூண் எழுப்பிப் பல வளைவாகத்தான் கட்டினார். நன்றாகவே நின்றது, இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலே. பிறகு ஒரு வெள்ளம். மலையிலிருந்து வேரோடு பெயர்ந்த மரங்கள், வைக்கோல், வேலிக் கதவு, எல்லாம் மிதந்து வந்து தூண்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டன. தண்ணீர் தேங்கி ஏறி, மொத்தப் பாலத்தையும் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அதனால் ஆற்றுக்குள் தூணே வேண்டாம், ஒரே தாவலில் கரைக்குக் கரை போய்விடலாம் என்று முடிவு செய்தார். 140 அடி. பிரிட்டனில் அதுவரை யாரும் அந்த நீளத்துக்குக் கல்லில் ஒற்றை வளைவு போட்டதில்லை. வெனிஸில் ரியால்டோ பாலமே 100 அடிக்கு உள்ளேதான்.

அப்புறம் நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி எண்ணுவார்கள். சிலர் இன்று நிற்பது மூன்றாவது பாலம் என்பார்கள், சிலர் நான்காவது என்பார்கள். நடுவில் சென்ட்ரிங் (வளைவு தானாக நிற்கும் வரை அடியில் தாங்கும் மரச்சாரம்) சரிந்து போனதைத் தனி முயற்சியாக எண்ணுவதா வேண்டாமா என்பதில்தான் அந்தச் சண்டை. ஆனால் ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒன்று: ஒற்றை வளைவை ஒரு தடவை முழுதாக எழுப்பி, சென்ட்ரிங்கையும் எடுத்த பிறகு, சாரம்கட்டி சொன்ன மாதிரியே தோள் பாரம் தாங்காமல் உச்சிக்கல் மேலே பிதுங்கிப் பாலம் விழுந்தது. உச்சி ரொம்ப மெல்லிசு, தோளில் முழுக்க முழுக்கக் கல்லை அடைத்து வைத்திருந்தார்.

1756இல் கட்டி முடித்ததுதான் இன்றைக்கும் நிற்கிறது. அதே 140 அடி, 35 அடி உயரம். தோளில் பக்கத்துக்கு மூன்று ஓட்டை: கரைப் பக்கம் 9 அடி விட்டம், அடுத்தது 6 அடி, உச்சிக்குக் கிட்டே 3 அடி. நீங்கள் பார்த்த லாண்டவரிப் பாலம் அதற்கு 17 வருஷம் கழித்து அவரே கட்டியது. தாவல் 84 அடிதான் என்பதால் ஒரு ஓட்டையோடு வேலை முடிந்துவிட்டது.


ஆற்றுமணல் எழுதியது:

சாரம்கட்டி, எடை குறைவதை நான் மறுக்கவில்லை. ஆனால் அது ஒன்றுதான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சீனாவில் ஹெபெய் மாகாணத்தில் சாவ்சோ பாலம் இருக்கிறது, சுயி வம்ச காலம், 595 முதல் 605 வரை லி சுன் கட்டியது. 37 மீட்டர் தாவல், உயரம் 7 மீட்டர் சொச்சம்தான், தட்டையான வளைவு. அதிலும் இரண்டு தோளிலும் இரண்டிரண்டு சின்ன வளைவு திறந்து விட்டிருக்கிறார்கள். அதற்கு எல்லோரும் சொல்லும் காரணத்தில் எடையும் உண்டு, வெள்ளம் போக வழி என்பதும் உண்டு. எட்வர்ட்ஸுக்கு ஆயிரத்துச் சொச்சம் வருஷம் முன்னாடி. முதல் பாலத்தை வெள்ளத்தில் பறிகொடுத்த மனிதன் வெள்ளத்தை நினைக்காமலா இருந்திருப்பான்?


தெற்குவாசல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. இவ்வளவு விஷயம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. மொத்தத்தையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொடிக்கயிறு சோதனையை நிஜமாகவே பின்பக்கத் தோட்டத்தில் செய்து பார்த்தார், அம்மாவின் போர்வை மண்ணில் விழுந்தது தனிக்கதை. கயிறு விஷயம் அவருக்கு ஒத்துக்கொண்டது. ஆனால் இப்போது இரண்டு கேள்வி புதிதாக வந்திருக்கிறது, அவர் சொன்னபடியே போடுகிறேன்.

ஒன்று: "தோள்ல பாரம்தான் பிரச்சினைன்னா அங்க கல்லே அடைக்காம விட்டா போச்சு, அடைச்சிட்டு அப்புறம் ஓட்டை எதுக்கு?"

இரண்டு: "உச்சி மெல்லிசா இருந்ததால பிதுங்கிச்சுன்னா உச்சியைத் தடியா போட வேண்டியதுதானே, அதுதான் சுலபம்."

இரண்டாவது கேள்விக்கு நானும் பதில் யோசித்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை.


சாரம்கட்டி எழுதியது:

அப்பாவை இந்தக் குழுவில் சேர்த்துவிடுங்கள், எங்களுக்கு வேலை குறையும்.

முதல் கேள்வி. தோளில் அடைக்காமல் விட்டால் சாலை வளைவின் முதுகு மேலேயே போக வேண்டியிருக்கும். பொன்ட்டிப்ரித் பாலத்தின் வளைவு 140 அடிக்கு 35 அடி உயரம், அதாவது 175 அடி விட்டமுள்ள வட்டத்தின் ஒரு துண்டு. (70ஐ வர்க்கம் போட்டு, 35இன் வர்க்கத்தைக் கூட்டி, 35ஆல் வகுத்துப் பாருங்கள், 175 வரும்.) அந்த வட்டம் கரையைத் தொடுகிற இடத்தில் முதுகு ஏறக்குறைய 53 பாகை சாய்வு. மாட்டை விடுங்கள், மனுஷன் ஏணி போட்டுத்தான் ஏற வேண்டும். அதனால் கரைப் பக்கம் கல்லும் மண்ணும் போட்டு உயர்த்தித்தான் தீர வேண்டும். உயர்த்த வேண்டும், ஆனால் கனம் கூடாது. வேறு வழியில்லாமல் வந்த சமரசம்தான் ஓட்டை.

எவ்வளவு கனம் குறைந்தது என்று கையால் ஒரு கணக்குப் போடலாம். 9, 6, 3 அடி விட்டமுள்ள மூன்று வட்டத்தின் பரப்பையும் கூட்டினால் கிட்டத்தட்ட 99 சதுர அடி. கல்கட்டு ஒரு கன அடி 68 கிலோ என்று வையுங்கள். பாலத்தின் அகலத்தில் ஒவ்வொரு அடிக்கும் 6.7 டன். அகலம் 12 அடி என்று வைத்துக்கொண்டால் ஒரு தோளுக்கு 80 டன். இரண்டு தோளுக்கும் சேர்த்து 160 டன் கல்லை எடுத்து வெளியே வைத்தாயிற்று. அகலத்தை நான் சும்மா எடுத்துக்கொண்டேன், நீங்கள் வேறு எண் போட்டுப் பாருங்கள். எப்படிப் போட்டாலும் சில்லறை எடை இல்லை.

இரண்டாவது கேள்விதான் நல்ல கேள்வி. உச்சியில் கனம் ஏற்றினால் நிஜமாகவே சமன் வரும், அப்பா சொல்வது தப்பே இல்லை. பல பாலங்களில் உச்சி மேல் கனத்த கைப்பிடிச் சுவரும் மண்ணும் அந்த வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் விலை கொடுக்க வேண்டும். உச்சியில் ஏற்றுகிற ஒவ்வொரு டன்னும் வளைவின் மொத்தப் பக்கவாட்டுத் தள்ளலைக் கூட்டும், அந்தத் தள்ளலைக் கரைதான் வாங்க வேண்டும். இரண்டாவது செலவு சென்ட்ரிங். சுண்ணாம்புச் சாந்து இறுகிக் கடைசிக் கல் உட்காரும் வரை மொத்த வளைவின் பாரமும் மரத்தின் மேல்தான் நிற்கும். அந்த மரமோ ஆற்றுக்குள் நிற்கும். உச்சி தடிமன் ஆக ஆக மரம் கூட வேண்டும், மரம் கூடினால் வெள்ளத்தில் சிக்கும் சாமான் கூடும். ஏற்கெனவே ஒரு தடவை சென்ட்ரிங்கைப் பறிகொடுத்தவர் அந்தப் பக்கம் போகமாட்டார். கனத்தைக் கூட்டிச் சமன் செய்வதைவிடக் கனத்தை எடுத்துச் சமன் செய்வது அவருக்கு எல்லா வகையிலும் லாபம். அந்தப் பாலத்தில் வளைவுக்கல்லின் தடிமன் உச்சியில் இரண்டரை அடி அளவுதான், பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வளவு மெல்லிசா என்று கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும்.

ஆற்றுமணல், சாவ்சோ பாலத்தைக் கொண்டு வந்தது நல்லதாகப் போயிற்று. அங்கே தோளில் இருப்பது நிஜமான சின்ன வளைவுகள், வெள்ளம் ஏறினால் தண்ணீர் போகிற மாதிரி அகலமானவை. பொன்ட்டிப்ரித்தில் மூன்றாவது ஓட்டையைப் பாருங்கள். 3 அடி விட்டம், உச்சிக்குக் கிட்டே, ஆற்றுக்கு மேல் எத்தனையோ உயரத்தில். அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்தால் பாலத்தை யார் காப்பாற்றுவது? வெள்ளம்தான் நோக்கம் என்றால் எல்லா ஓட்டையையும் கீழே, ஒரே மட்டத்தில், பெரிதாக வைத்திருப்பார். இங்கே ஓட்டையின் அளவு அடைப்பின் ஆழத்தோடு சேர்ந்து குறைகிறது. அடைப்பு ஆழமாக இருக்கும் இடத்தில் 9 அடி, குறையக் குறைய 6, 3. எடையைப் பார்த்து வைத்த ஓட்டைக்குத்தான் இப்படி வரிசை வரும். வெள்ளத்துக்கு அவர் சொன்ன பதில், நடுவில் தூணையே எடுத்துவிட்டது.


ஆற்றுமணல் எழுதியது:

மூன்றாவது ஓட்டை வாதம் பொருந்துகிறது. ஆனால் லாண்டவரியில் இருப்பது ஒரே ஓட்டை, அதுவும் தாழ்வாக, கரையோரம். டவி ஆறு அங்கே ஏறினால் அதன் வழியாகத் தண்ணீர் போகத்தான் போகும். அவர் எதற்காகவும் வைத்திருக்கட்டும், ஆறு அதைக் கேட்டுக்கொண்டா வரும். அதோடு 1972 முதல் மேலே லின் பிரையன் அணை வேறு நிற்கிறது, 91 மீட்டர், நாட்டிலேயே உயரமான அணை. முன்னாடி இருந்த வேகம் இப்போது இருக்காது.


கார்டிஃப் கருப்பு எழுதியது:

இரண்டு பேரும் சண்டை போடுவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. எட்வர்ட்ஸ் ஹூக் எழுதியதைப் பார்த்து ஓட்டை போட்டவர் இல்லை. விழுந்த பாலத்தைப் பார்த்து, எது எங்கே முதலில் அசைந்தது என்று புரிந்துகொண்டு போட்டவர். எனக்கு அதுதான் பிடித்த விஷயம்.

பொன்ட்டிப்ரித் பாலத்தைப் புகழ்ந்துகொண்டே இருக்கிறோம், அதன் குறையையும் சொல்ல வேண்டும். படம் வரைய வந்தவர்களுக்கு அது சொர்க்கம். ரிச்சர்ட் வில்சன் வரைந்திருக்கிறார், டர்னர் வரைந்திருக்கிறார். ஆனால் வண்டி ஓட்டியவனுக்கு நரகம். தோளை எவ்வளவு உயர்த்தியும் சாலை செங்குத்துதான். வண்டி இறங்கும்போது உருண்டு ஓடாமல் இருக்கப் பின்னால் சங்கிலி போட்டுத் தடை கட்டி இழுக்க வேண்டியிருந்தது. கடைசியில் 1857இல் பக்கத்திலேயே ஒட்டினாற்போல் விக்டோரியா பாலம் என்று ஒன்றைக் கட்டிவிட்டார்கள். மூன்று வளைவு, தட்டையான சாலை, ஒரு அழகும் கிடையாது, பழைய பாலத்தின் ஒரு பக்கத்தை அப்படியே மறைத்துக்கொண்டு நிற்கிறது. எனக்கு அதன் மேல் கோபம்தான், ஆனால் நிலக்கரி வண்டி ஓட்டியவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லியிருப்பான்.

எட்வர்ட்ஸுக்கும் இது தெரிந்திருந்தது. பின்னாளில் கட்டிய பாலங்களில் வளைவைத் தாழ்த்திக்கொண்டே வந்தார். கரை உறுதியாக இருந்தால் இன்னும் பெரிய வட்டத்தின் சின்னத் துண்டே போதும், அவ்வளவு உயரம் தேவையில்லை என்று கட்டிக் கட்டித் தெரிந்துகொண்டார். டோலைஹிரியனில் நீங்கள் கார் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள் இல்லையா, அகலம் ஒரு வண்டிக்குத்தான், நடுவில் ஒரு மேடு இருக்கும், ஆனால் ஏறிவிடலாம். பொன்ட்டிப்ரித்தில் இப்போது நடந்து மட்டும்தான் போக முடியும். மகன்களும் அதே தொழிலுக்கு வந்தார்கள், தாமஸ், டேவிட், எட்வர்ட் என்று மூன்று பேர். தெற்கு வேல்ஸில் பழைய பாலம் எதைப் பார்த்தாலும் இந்தக் குடும்பம் கட்டியதா என்று விசாரிப்பது என் வழக்கம்.

வெள்ளத்தைப் பற்றி ஒன்று. 2020 பிப்ரவரியில் டென்னிஸ் புயல் வந்தபோது டாஃப் ஆறு ஊருக்குள் புகுந்து கடைத்தெருவெல்லாம் தண்ணீர். 2024 நவம்பரில் பெர்ட் புயலுக்கு மறுபடியும். இரண்டு தடவையும் பழைய பாலம் அசையவில்லை. ஆற்றுக்குள் கால் வைக்காத பாலத்தில் மரம் சிக்க இடமில்லை. ஏழு வருஷ உத்தரவாதம் எப்போதோ முடிந்துவிட்டது.


தெற்குவாசல் எழுதியது:

சங்கிலி போட்டு வண்டி இறக்குவதைக் கேட்டதும் அப்பா, "எங்க மலைப் பாதையிலயும் மரக்கட்டை கட்டித்தான் இறக்குவோம்" என்று ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார்.

160 டன் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் அவரே திரும்பப் போட்டுப் பார்த்தார். கல்கட்டு கன அடிக்கு 68 கிலோ குறைவு, வேல்ஸ் கல் கனமாக இருக்கும் என்கிறார். ஓட்டை கூடாது என்ற பேச்சு நின்றுவிட்டது. இப்போது அவருடைய சந்தேகம் எல்லாம் அந்த ஓட்டையின் வளையத்தைக் கட்டும்போது உள்ளே என்ன முட்டுக் கொடுத்தார்கள், வட்டத்தின் மேல் பாதிக்கு மரத்தில் தனி சென்ட்ரிங் போட்டார்களா, அதை எந்தப் பக்கமாக உருவி எடுத்தார்கள் என்பதில்தான்.

இந்த வாரக் கடைசியில் பொன்ட்டிப்ரித் கூட்டிப் போகலாம் என்று இருக்கிறேன். ஓட்டைகள் நன்றாகத் தெரிய எங்கே நிற்க வேண்டும்? அப்பாவுக்கு முழங்கால் வலி, அந்த ஏற்றத்தில் ஏற முடியுமா?


சாரம்கட்டி எழுதியது:

வளையத்துக்குச் சென்ட்ரிங் பற்றி: கீழ்ப் பாதிக்கு எதுவும் வேண்டாம், கல்லைத் தொட்டில் மாதிரி அடுக்கிக்கொண்டே வரலாம். மேல் பாதிக்கு அரைவட்ட மரச்சட்டம் வேண்டும். ஓட்டை இரண்டு முகமும் திறந்திருப்பதால் ஆப்பைத் தட்டித் தளர்த்தி எந்தப் பக்கமாகவும் உருவலாம். 9 அடி ஓட்டைக்குள் ஆளே நின்று வேலை செய்யலாம். கல் எடை விஷயத்தில் அப்பா சொல்வதை வைத்துக்கொள்ளுங்கள், எண் இன்னும் கூடும், என் வாதத்துக்கு நல்லதுதான்.


கார்டிஃப் கருப்பு எழுதியது:

ரயிலில் வந்தால் ஸ்டேஷனிலிருந்து கடைத்தெரு வழியாக நேரே நடந்து வரலாம், சமதளம். பாலத்தின் அடியில் பழைய தேவாலயம் ஒன்றை அருங்காட்சியகமாக மாற்றி வைத்திருக்கிறார்கள், முதலில் அதற்குள் போங்கள், அப்பா உட்கார்ந்து இளைப்பாறலாம். ஓட்டைகளைப் பார்க்க விக்டோரியா பாலம் மறைக்காத பக்கமாக ஆற்றோரம் போய் நில்லுங்கள், மூன்றும் வரிசையாகத் தெரியும். மரங்களில் இலை கொட்டியிருக்கும் மாதம் என்றால் இன்னும் நல்லது.

முழங்கால் வலி என்றால் பழைய பாலத்தில் ஏற வைக்காதீர்கள், மழை நாளில் வழுக்கவும் செய்யும். விக்டோரியா பாலத்தில் நடந்தால் பழைய பாலத்தின் கைப்பிடிச் சுவர் கிட்டத்திலேயே இருக்கும், அது எப்படி ஏறி இறங்குகிறது என்று அங்கிருந்தே பார்த்துக்கொள்ளலாம். நான் திட்டினாலும் அந்தப் பாலத்துக்கு இந்த ஒரு உபயோகம் உண்டு.